தம்பி குடித்த லேகியப் பால்

என் தம்பி இங்கிலாந்தின் வடக்கில் ஒரு சிறு நகரத்து அணிக்காக ரக்பி லீக் விளையாடுகிறான். அதுதான் அவனுடைய வேலை, அதற்குத்தான் சம்பளம். சொந்தத் தம்பி அல்ல, பெரியம்மாவின் மகன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, அவனுக்கும் இல்லை. ஆகவே அவனுக்கு நான் ஒரே அக்கா, என் மகளுக்கு அவன் ஒரே மாமா.

அவனுடைய விளையாட்டை எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது பெரும்பாடு. பந்தைப் பின்பக்கமாக எறிந்துகொண்டே முன்னால் ஓட வேண்டும். ஓடுகிறவனை மூன்று பேர் சேர்ந்து நிலத்தில் விழுத்துவார்கள். விழுந்தவன் எழும்பி, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, மறுபடியும் விழுவதற்குத் தயாராவான். இங்கே டென்மார்க்கில், பிராண்டே என்ற ஊரில் இருக்கும் என் சின்னம்மா ஒரு தடவை முழு ஆட்டத்தையும் கணினியில் பார்த்துவிட்டு, "அடிபடுறதுதான் விளையாட்டு எண்டால் அந்தப் பந்து என்னத்துக்கு?" என்று கேட்டார்.

போன கார்த்திகை மாதம், மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அவன் கோல்டிங்கில் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் பெட்டியை வைத்ததும் சொன்ன முதல் வசனம் "அக்கா, உங்கட பெல் வேலை செய்யுமோ?" என்பதுதான்.

பிறகுதான் விசயத்தைச் சொன்னான். அவனைப் போன்ற விளையாட்டுக்காரர்கள் ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணித்தியாலம் எந்த விலாசத்தில் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே கைபேசியில் பதிந்து வைக்க வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் ஊக்கமருந்துப் பரிசோதகர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மணியடிப்பார்கள். ஆள் இல்லையென்றால் அது தவறவிட்ட பரிசோதனை. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறினால், ஒரு மருந்தும் தொடாதவனுக்கும் தடை வரும். இரண்டு வருடம் வரை போகலாம். அவன் ஏற்கெனவே இரண்டைத் தவறவிட்டிருந்தான். முதலாவது, வீடு மாறிய பிறகு பழைய விலாசத்தை மாற்ற மறந்தது. இரண்டாவது, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நித்திரை கொண்டது. தை மாதத்தில் அவனுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும். இருபத்தெட்டு வயதில் இரண்டு வருடம் வெளியே இருந்தால், பிறகு அவனைக் கூப்பிட ஆள் இருக்காது.

"இந்தக் கிழமை முழுக்க உங்கட விலாசம் குடுத்திருக்கிறன். காலமை ஆறிலயிருந்து ஏழு மட்டும்" என்றான். "ஒண்டும் வராது அக்கா, சும்மா சொன்னனான். நீங்கள் யோசிக்காதேங்கோ."

என்னைத் தெரிந்தவர்கள் என்னிடம் யோசிக்காதே என்று சொல்வதில்லை.

அன்று பின்னேரமே கீழே இறங்கிப் போய், தெருக்கதவின் மணிப் பலகையில் எங்கள் பெயருக்குக் கீழே அவனுடைய பெயரை எழுதி ஒட்டினேன். மழையில் எழுத்துக் கரையுமோ என்று நினைத்து அதன் மேல் தெளிவான ஒட்டுத்தாள் ஒன்றையும் ஒட்டினேன். மணியை அழுத்திவிட்டு மேலே ஓடிவந்து, "கேட்டதோ?" என்றேன். கேட்டதாம். மழைச் சட்டையின் தொப்பியைப் போட்டுக்கொண்டு மெதுவாக அழுத்துகிற ஆளாக இருந்தால்? மறுபடி இறங்கிப் போய் மெதுவாக அழுத்தினேன். அதுவும் கேட்டதாம். மூன்றாம் தடவை இறங்கும்போது கீழ்வீட்டுக்காரி கதவைத் திறந்து, எல்லாம் நலந்தானா என்று கேட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கே கதவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆறரைக்கு மணி அடித்தது. நான் தெருக்கதவோடு பேசும் கருவியைத் தூக்கி, மூச்சுவிடாமல், "அவன் இருக்கிறான், வீட்டிலேதான் இருக்கிறான், எழும்பிவிட்டான்!" என்று டேனிஷில் கத்தினேன். பிறகு ஒரு ஆண்குரல், தான் விளம்பரத்தாள் போட வந்திருப்பதாகவும், தெருக்கதவைத் திறந்துவிட முடியுமா என்றும், மிகக் கவனமாகக் கேட்டது.

தம்பியிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. உட்பொருள் பட்டியல் ஒட்டாத எதையும் அவன் வாயில் வைக்கமாட்டான். அவனோடு விளையாடிய ஒருவர் யாரோ கொடுத்த சத்துமாவைக் குடித்துவிட்டு, அதற்குள் என்ன இருந்தது என்று தெரியாமலே தடைபட்டுப் போனாராம். "உடம்புக்குள்ள என்ன கிடக்கோ அதுக்கு நான்தான் பொறுப்பு. அக்கா தந்தவா எண்டு சொன்னால் எடுபடாது" என்றான். சமைத்த சோறும் கறியும் பரவாயில்லை. ஆனால் தூள், குளிசை, பாணி, எண்ணெய் என்று மருந்துபோல எதுவும் ஆகாது.

இதை நான் மற்ற எவரையும்விட நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டியவள். யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்துவிட்டு வந்து, இப்போது பிரெடெரிசியாவில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பொதிகளில் அச்சடித்த உட்பொருள் பட்டியலும் உள்ளே இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒவ்வாமை தரக்கூடிய பாலும் கோதுமையும் பட்டியலில் தடித்த எழுத்தில் இல்லையென்றால் முழுத் தொகுதியையும் நிறுத்த எனக்கு அதிகாரம் இருக்கிறது. இரண்டு தடவை நிறுத்தியும் இருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான் செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவனுடைய பாலுக்குள் லேகியம் போட்டேன்.

அவன் இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தான். இருமல் மருந்து ஆகாது என்றான். ஆவி பிடிக்க மட்டும் சம்மதித்தான். அத்தனை பெரிய உடம்பு, துவாய்க்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருமுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய ஜாம் போத்தலில் லேகியம் இருந்தது. மகள் பிறந்தபோது என் கணவரின் சித்தப்பா யாழ்ப்பாணத்தில் தன் கையால் கிண்டி, வருகிற ஆளிடம் கொடுத்துவிட்டது. பிள்ளை பெற்றவர்கள் உடம்பு தேறச் சாப்பிடுவது. அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். கணவரின் குடும்பத்தில் எந்தப் பிள்ளை எந்த நாட்டில் பிறந்தாலும் அவருடைய போத்தல் ஒன்று போய்ச் சேரும். எல்லோரும் அவரை லேகிய மாமா என்றே சொல்வோம். நானும் நாற்பத்தொரு நாள் விடாமல் சாப்பிட்டு, மாடிப்படிகளில் பிள்ளை வண்டியைத் தூக்கிக்கொண்டு ஏறியவள்.

இருமலுக்கு நல்லதுதானே, இது மருந்தா, சாப்பாடுதானே என்று நினைத்தேன். அரைக் கரண்டி எடுத்தேன். போதாது என்று நினைத்து முழுக் கரண்டியாக்கினேன். பாலில் கரைத்து, நிறம் தெரியாமல் இருக்கக் கொஞ்சம் மஞ்சளும் போட்டுக் கொடுத்தேன். "நல்ல பால் அக்கா" என்று குடித்தான். அன்றிரவு அவன் இருமவேயில்லை. அதற்கு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். "ஏன் இருமவில்லை? அப்படி என்னதான் இருக்கிறது அதற்குள்?" என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

புதன்கிழமை காலை ஆறு பன்னிரண்டுக்கு மணி அடித்தது.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. மேலே வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அறுபது வயது மதிக்கத்தக்க பெண், மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். மற்றவர் வழுக்கைத்தலை ஆண், சில்லு வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு அடையாள அட்டையைக் காட்டினார்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். இந்த நிமிடத்திலிருந்து சிறுநீர் மாதிரி கொடுத்து முடியும்வரை தம்பி அவர்களுடைய கண்ணைவிட்டு மறையக்கூடாது. சலம் போகும்போது ஆண் பரிசோதகர் கூடவே நின்று பார்ப்பார். குறைந்தது தொண்ணூறு மில்லிலீற்றர் வேண்டும்.

தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா, நான் இப்பதான் சலத்துக்குப் போட்டு வந்தனான்."

"எப்ப?"

"ஆறு மணிக்கு."

"ஏனடா போனனீ?"

"வந்தது, போனன்!"

ஆகவே எல்லோரும் வரவேற்பறையில் உட்கார்ந்தோம். கணவர் ஐந்தேகாலுக்கே பிராண்டேக்கு வேலைக்குக் காரில் போய்விட்டார். மகள் எழும்பி, நித்திரைச் சட்டையோடு வந்து, இரண்டு புதிய ஆட்களையும் பார்த்துவிட்டு, என் காலைக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தவர்களைச் சும்மா இருத்தி வைக்க எனக்கு வராது. தேத்தண்ணி போட்டேன், பணிஸ் எடுத்து வைத்தேன். பரிசோதகர்கள் நன்றி சொல்லிச் சாப்பிட்டார்கள். தம்பிக்கு மட்டும் மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல்தான். இதற்கென்றே நான் ஒரு பெட்டி தண்ணீர் வாங்கி வைத்திருந்தேன். ஒரு போத்தல் கொடுத்தேன். இன்னொன்று கொடுத்தேன். மூன்றாவதின் மூடியைத் திருகும்போது அந்தப் பெண் மெதுவாக, "அதிகம் வேண்டாம்" என்றார். நான் அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் வேண்டாம் என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் வைப்போம்.

பிறகு அவர் படிவத்தை எடுத்தார். கடந்த ஏழு நாளில் உட்கொண்ட மருந்துகள், சத்துப்பொருட்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றார். தம்பி, "ஒன்றுமில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவர் எழுதுவதற்குப் பேனையைத் திறந்தார்.

சொல்லாமல் விட்டால் அவன் பொய் எழுதிக் கையெழுத்து வைத்தவனாவான். சொன்னால் நான்தான் அவனுக்கு மருந்து வைத்தவளாவேன். லேகியத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தாலாவது பரவாயில்லை.

"தம்பி, நான் ஒண்டு சொல்லுவன், கோவிக்கக்கூடாது" என்றேன் தமிழில்.

"இப்பவோ?"

"இப்பதான் சொல்லோணும். நேற்றுப் பின்னேரம் பால் தந்தனான் எல்லே?"

"ஓம்."

"அதுக்குள்ள கொஞ்சம் லேகியம் போட்டனான்."

அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பரிசோதகர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் அசைந்தது. "அப்பிடியெண்டால் என்ன அக்கா?"

"பிள்ளை பெத்தாக்கள் சாப்பிடுறது."

"நான் பிள்ளை பெறேல்லை அக்கா."

"தெரியும்."

"கொஞ்சம் எண்டால்?"

"ஒரு கரண்டி. மேசைக்கரண்டி."

"என்ன கிடக்கு அதுக்குள்ள?"

"தெரியாதடா" என்றேன். என் குரல் உடைந்தது.

"அழக்கூடாது. அவை பாக்கினம். சிரிச்சுக்கொண்டு கதையுங்கோ."

நான் சிரித்தேன். கண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது சிரித்தால் மனிசர் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்திருப்பேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "நல்ல செய்தியா?" என்று கேட்டார்.

தம்பி பெருமூச்சு விட்டான். "எழுதத்தான் வேணும் அக்கா. நீங்களே அவவுக்குச் சொல்லுங்கோ. எனக்கு அதுக்கு இங்கிலிசும் தெரியாது."

சொன்னேன். போத்தலை எடுத்து வந்து மேசையில் வைத்தேன். அந்தப் பெண் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதில் இருந்த ஒரே எழுத்து பழைய ஜாமின் விலை. மூடியைத் திறந்து மணந்தார். ஆண் பரிசோதகரிடம் நீட்டினார். அவரும் மணந்தார். என்னென்ன கலந்தது என்று தெரிந்தால் படிவத்தில் சேர்க்கலாம், தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுவேன் என்றார். தெரியாது என்ற சொல் அந்தப் படிவத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். என் தொழிற்சாலையில் யாராவது அப்படி எழுதியிருந்தால் நானே தொகுதியை நிறுத்தியிருப்பேன்.

யாழ்ப்பாணத்தில் அப்போது பதினொரு மணி கடந்திருந்தது. லேகிய மாமாவுக்குக் காணொளி அழைப்பு எடுத்தேன். சாரத்தோடு, மேலுக்கு ஒன்றுமில்லாமல் வந்தார்.

"என்ன பிள்ளை, அங்க விடியமுன்னம்? பேத்தி சுகமோ?"

"சுகம் மாமா. உங்கட லேகியத்துக்குள்ள என்னென்ன போட்டனீங்கள்?"

அவர் முகம் மலர்ந்தது. "பதினெட்டுச் சரக்கு! ஏன், ஆருக்கு வேணும்?"

"இஞ்ச டென்மார்க் ஆக்கள் வந்திருக்கினம். ஊக்கமருந்து பரிசோதிக்கிற ஆக்கள். தம்பி குடிச்சுப்போட்டான்."

"ஊக்கமோ? என்ர லேகியத்தில ஊக்கம் இல்லாமல் இருக்குமோ? ஒரு கரண்டி குடுத்தால் படுத்த எருமை எழும்பி ஓடும் எண்டு சொல்லு!"

"ஐயோ மாமா, அப்பிடிச் சொல்லாதேங்கோ!"

"ஏன் சொல்லக்கூடாது? உண்மைதானே? நீ எப்பிடி ஓடினனீ!"

அவர் என்ன சொல்கிறார் என்று அந்தப் பெண் கேட்டார். மிகவும் இலேசான சாமான் என்கிறார் என்றேன். சொன்னவுடனே மனம் உறுத்தியது. இல்லை, எருமை ஓடும் என்கிறார் என்று திருத்தினேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். தம்பி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினான்.

கைபேசியில் தெரிந்த வெள்ளைக்காரப் பெண்ணைக் கண்டதும் மாமா மறைந்துவிட்டார். திரும்பி வந்தபோது சேட்டுப் போட்டுத் தலையும் இழுத்திருந்தார். "குட் மோர்னிங் மேடம்" என்றார். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "கொம்பனி ஆக்களோ? செய்முறையைக் குடுத்துப்போடாதை. இது எங்கட குடும்ப ரகசியம்" என்றார்.

"மாமா, கொம்பனி இல்லை. உங்கட லேகியத்தில பிழையான சாமான் ஒண்டு இருந்தால் இவனை ரெண்டு வருசம் விளையாட விடமாட்டினம். வேலை போயிடும். எனக்கு அவன் ஒருத்தன்தான்."

மாமா தம்பியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கதிரை நிறைய உட்கார்ந்திருந்த அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர மனுசன் பக்கத்தில நிக்கிறானோ?"

"இல்லை, வேலைக்குப் போட்டார்."

"அந்த ரெண்டு பேருக்கும் தமிழ் விளங்குமோ?"

"விளங்காது."

"பிள்ளை," என்றார், "அது பேரீச்சம்பழம்."

"என்ன?"

"பேரீச்சம்பழம், பனங்கட்டி, இஞ்சி, மிளகு, நெய். அவ்வளவுதான். சரக்குத் தாற வைத்தியர் கடையைப் பூட்டிப்போட்டார். நான் வேற எங்க போறது? இப்பிடி மூண்டு போத்தல் அனுப்பினாப் பிறகு நிப்பாட்டுவம் எண்டு பாத்தன். எல்லாரும் முந்தினதைவிட நல்லம் எண்டிட்டினம். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

"அப்ப பதினெட்டுச் சரக்கு?"

"அது முந்தி."

"வேற ஒண்டுமில்லையோ மாமா? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒரு சொட்டு, ஒரு சிட்டிகை எண்டாலும் சொல்லோணும்."

அவர் பின்னால் திரும்பி, அறைக்குள் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். "கொஞ்சம் பிரண்டி."

கணவரின் குடும்பத்தில் மதுவே தொடாதவர் என்று கலியாண வீடுகளில் சுட்டிக்காட்டப்படுகிறவர் அவர். "எவ்வளவு பிரண்டி?" என்றேன்.

"பழுதாகாமல் இருக்கத்தான். அரைப் போத்தல்."

அந்த லேகியத்தைச் சாப்பிட்டுக்கொண்டு நாற்பத்தொரு நாள் பால் கொடுத்தவள் நான். பிள்ளை அந்த நாட்களில் நன்றாக நித்திரை கொண்டாள் என்று தாதியிடம் பெருமையாகச் சொன்னவளும் நான்தான். ஆனால் அந்தக் கவலையை வேறொரு நாளைக்கென்று ஒதுக்கி வைத்தேன். இன்னும் இரண்டு தடவை கேட்டேன். மூன்று தடவையும் அதே ஆறு சாமான்கள், அதே வரிசை. பட்டியல் மாறாவிட்டால் நம்பலாம் என்பது என் தொழில் அனுபவம்.

"பிள்ளை, இது எங்களுக்குள்ள இருக்கட்டும்" என்றார் மாமா. தபாலதிபராக இருந்த அவர் அப்படிக் கெஞ்சும் குரலில் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. சத்தியம் செய்தேன். இதை இப்போது எழுதுவதற்கு அவரிடம் அனுமதி கேட்டேன். தன் பெயரைப் போடாவிட்டால் சரி என்றார்.

நான் டேனிஷில் ஒவ்வொன்றாகச் சொல்ல, அந்தப் பெண் எழுதினார். பேரீச்சம்பழம், பனைவெல்லம், இஞ்சி, மிளகு, நெய், பிரண்டி. எழுதி முடித்து, மேலிருந்து கீழாக வாசித்துப் பார்த்துவிட்டு, "இது கிறிஸ்மஸ் கேக்" என்றார். இதில் எதுவும் தடைப்பட்டியலில் இருப்பதாகத் தனக்குத் தெரியவில்லை, ஆனால் முடிவு சொல்ல வேண்டியது தானல்ல, ஆய்வுகூடம் என்றும் சொன்னார். முதற்பகுதியில் நான் கொஞ்சம் ஆறுதலடைந்தேன். இரண்டாம் பகுதி அதைத் திருப்பி எடுத்துக்கொண்டது.

ஏழே முக்காலாகியும் தம்பிக்குச் சலம் வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டான். குனிந்து நிமிர்ந்தான். பாதம் குளிரட்டும் என்று குளியலறைத் தரையில் வெறுங்காலோடு நின்றான். வழுக்கைத்தலைக்காரர் அங்கே பொறுமையாகக் கைகட்டி நின்று, மீன்பிடிப்பதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். தொழில் ரகசியமாக இருக்கலாம், தண்ணீர் சம்பந்தமான கதையாகவே சொன்னார்.

என் மகளை அந்த நாட்களில்தான் மலசலம் கழிக்கச் சட்டியில் இருக்கப் பழக்கிக்கொண்டிருந்தோம். ஊதா நிறச் சட்டி, வரவேற்பறையின் மூலையில் இருக்கும். அவள் காரியத்தை முடித்தால் வீட்டில் உள்ள எல்லோரும் கை தட்ட வேண்டும். தம்பி குளியலறைக்குள் போவதும், வெறுங்கையோடு வருவதும், எல்லோரும் கவலைப்படுவதும் அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. சட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்து அவனுடைய காலடியில் வைத்தாள். "வா மாமா, வா, உன்னால் முடியும்!" என்று டேனிஷில் சொன்னாள். நான் அவளுக்குச் சொல்லும் அதே வசனம், அதே ராகம். அந்தப் பெண் பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றி ஒருதரம் துடைத்தார். தோள் குலுங்கியது.

தம்பி சிரிக்கத் தொடங்கினான். இந்தத் தடவை உண்மையான சிரிப்பு. சிரித்துக்கொண்டே நின்றவன் சட்டென்று நிமிர்ந்து, "வருது, வருது!" என்று குளியலறைக்கு ஓடினான். வழுக்கைத்தலைக்காரர் பின்னால் ஓடினார். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் வெளியே வந்தபோது நாங்கள் எல்லோரும் கை தட்டினோம், வழுக்கைத்தலைக்காரர் உட்பட.

மூடி முத்திரையிட்ட மூன்று பெட்டிகளில் ஒன்றைத் தம்பியே தெரிந்தெடுத்தான். தன் கையாலேயே இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி மூடினான். மிஞ்சியதில் ஒரு துளியை அந்தப் பெண் சின்னக் கருவி ஒன்றில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தண்ணீர் அதிகம்" என்றார். மாதிரி ஐதாக இருக்கிறதாம், இது போதாதாம், இன்னொன்று வேண்டுமாம். அதுவரைக்கும் அவனுக்கு ஒன்றும் குடிக்கக் கொடுக்க வேண்டாமாம்.

"அக்கா," என்றான் தம்பி, "இனி நீங்கள் எனக்கு ஒண்டும் தராதேங்கோ. ஒண்டும். ஓமோ?"

"ஓம்" என்றேன்.

பத்தே காலுக்கு இரண்டாவது மாதிரி முடிந்தது. அதற்குள் பணிஸ் தீர்ந்து, நான் உப்புமா கிண்டி, இருவரும் இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள். வேலைக்குப் பிந்தி வருவேன் என்று சொல்லத் தொலைபேசி எடுத்தபோது, காரணம் என்ன என்று மேற்பார்வையாளர் கேட்டார். வீட்டில் ஒரு தரப்பரிசோதனை நடக்கிறது என்றேன். அது பொய்யல்ல.

பிறந்தநாள் நன்றாக நடந்தது. கேக்கைத் தம்பி கடையில் வாங்கிவந்தான், பெட்டியில் பட்டியலோடு. ஞாயிறு அவன் போய்விட்டான். விமானநிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தான், ஆனால் கெதியாக விட்டுவிட்டான். அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

முடிவு வரச் சில கிழமைகள் எடுக்கும் என்றார்கள். அந்தக் கிழமைகளில் நான் தடைப்பட்டியலை முழுவதுமாக வாசித்தேன். பேரீச்சம்பழம் அதில் இல்லை என்று முதல்நாளே தெரிந்தும், மறுநாளும் தேடினேன். லேகிய மாமா கிண்டும் பழைய சட்டியைச் சரியாகக் கழுவியிருப்பாரா, முந்திய சரக்கின் மிச்சம் அடியில் ஒட்டியிருக்குமா என்று யோசித்தேன். தம்பிக்கு ஒவ்வொரு நாளும் செய்தி அனுப்பினேன். முன்பெல்லாம் வளவள என்று குரற்பதிவு அனுப்புகிறவன், இப்போது பெருவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினான். சாப்பிட்டாயா? பெருவிரல். பயிற்சி எப்படி? பெருவிரல். கோபமா? அதற்கும் பெருவிரல். அது ஓம் என்பதா, இல்லை என்பதா என்று கணவரிடம் கேட்டேன். "அவன் பிஸியாக்கும். நீர் யோசிக்கிறதை விடும்" என்றார். விட முடியவில்லை.

மார்கழி நடுப்பகுதியில், தொழிற்சாலையின் குளிர் அறைக்குள் நின்று மீன் பொதிகளின் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. கையுறையோடு எடுக்க முடியவில்லை. பல்லால் கையுறையைக் கழற்றினேன். அது சுகாதார விதிக்கு முற்றிலும் மாறானது.

"அக்கா, வந்திட்டுது. ஒண்டுமில்லை. கிளீன்."

நான் மீன் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்தேன்.

"ஒப்பந்தம்?"

"ஒரு வருசம். வெள்ளிக்கிழமை கையெழுத்து."

"தம்பி, நீ என்னோட கோவமோ?"

"இருந்தது அக்கா. கனக்க இருந்தது. நீங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டியோ எண்டு கேக்கேக்க இன்னும் வந்தது. அதுதான் கதைக்கேல்லை. கதைச்சிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பன்."

"இப்ப?"

"இப்ப பயிற்சிக்குப் போறன். வந்து கதைக்கிறன்."

வைத்துவிட்டான். அது கோபம் போன குரலா, அவசரக் குரலா என்று அன்று முழுவதும் யோசித்தேன். ஒரே தொகுதியை மூன்று தடவை சரிபார்த்தேன். பின்னேரம் மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவளுடைய தடித்த உடுப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது செய்தி ஒன்று வந்த சத்தம் கேட்டது. பெருவிரலாக இருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன்.

குரற்பதிவு. ஆறு நிமிடமும் பதினொரு வினாடியும். பயிற்சியில் யாரோ சேற்றில் வழுக்கி விழுந்தது, புதுச் சப்பாத்து கடிக்கிறது, பெரியம்மா வைத்த கோழிக்குழம்பில் உப்புக் கூடியது, அதைச் சொல்லாமலே அவன் சாப்பிட்டது. நாங்கள் இருவரும் வாசலிலேயே, அவள் ஒரு காலில் சப்பாத்தோடு, இருந்து முழுவதையும் கேட்டோம். முக்கியமாக ஒன்றுமே இல்லை. முடிந்ததும், இன்னொரு தடவை போடச் சொல்லி அவள் கேட்டாள். நான் போட்டேன்.